சகலை வீட்டு அனிமோன்

விழுப்புரத்தில் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்த நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் போனது. திண்டிவனத்தில் கண் விழித்ததும் என் மகள், "பெரியப்பா வூட்டுக்கு எப்பப்பா போறோம்?" என்பாள். தொட்டிக்குள் பாறைமேல் பூவாக விரிந்து ஆடிக்கொண்டிருக்கும் அனிமோன் என்ற கடல் உயிர். அதன் மடிப்புக்குள் புகுந்து புரளும் ஆரஞ்சு மீன். அவர் அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்ப்பாள். என்னை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நானும் தொட்டி வாங்கினேன். அவருடையதைவிடச் சின்னதுதான், வீட்டில் இடம் அவ்வளவு. ஆனால் விளக்கு அவருடையதைவிடப் பெரியது, அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பைக் கரைத்தேன், பாறைகளை அடுக்கினேன், அழுக்கை நுரையாக வெளியே தள்ளும் கருவியை மாட்டினேன். ஊர்ந்து போகும் அனிமோன் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அலை கிளப்பும் மோட்டாரின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டினேன். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிடும் என்று மேலே ஒரு சின்ன ஃபேன். மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் அவள் விழுப்புரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சகலை ஃபோன் செய்தார். "அவசரப்படாதீங்க தம்பி. தண்ணி பழகணும். ஒரு ஆறு மாசம் சும்மா ஓட வுடுங்க, அப்பறமா அனிமோன் வுடலாம்."

ஆறு மாதமா! அதுவரை சொந்தத்தில் தன் தொட்டி ஒன்றே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. என் மனைவியும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். "ஆடி பொறந்துட்டா புதுசா எதையும் வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது. ஜல்தியா வாங்கியாந்துடுங்க." ஆனி கடைசி நாளில் சென்னைக்குப் போய், கடல்நீரும் காற்றும் நிரப்பிய பையில் போட்ட அனிமோனை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன். தொட்டிக்குக் கற்பூரம் காட்டி உள்ளே விட்டோம்.

அன்றைக்கு அது விரிந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் ஆசைப்பட்ட அதே பார்வை. ஆடி பிறந்து சில நாளில் அனிமோன் வெளுத்துச் சுருங்கி ஒரு மூலையில் கிடந்தது.

"செத்துக்கினு இருக்குதுப்பா," என்று அழுதாள். நான் உப்பைச் சரிபார்த்தேன், தண்ணீரை மாற்றினேன். அவள் எனக்குச் சொல்லாமல் பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டாள்.

அவர் மூடி போட்ட வாளியோடு காரில் வந்தார். என்னைக் குத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு கேட்டு ஆறியிருப்பேன். அனிமோனைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து விழுப்புரம் போனோம். என் அனிமோன் அவர் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. சகலை இடுக்கியில் ஒரு இறால் துண்டைப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"உங்களுதுதானே தம்பி, நீங்களே ஊட்டுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். மகள் அவசரமாக என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்பா," என்றாள். "பெரியப்பாவே குடுக்கட்டும்."