வண்டிக்கு வெளியே நீட்டிய கால்கள்

எங்கள் சாலையில் நோலா பிரிட்சார்டின் முகத்தைவிட அவள் கால்களைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். சிவப்பு பூட்ஸ் போட்ட அந்தக் கால்கள் எப்போது பார்த்தாலும் அவளுடைய காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

அவள் முடி வெட்டுகிறவள். ஒவ்வொரு மாட்டுப் பண்ணையாகப் போய், முதலாளியம்மாவிலிருந்து சமையல்காரன் வரைக்கும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து வெட்டிவிடுவாள். அறுபது தாண்டியும் விடவில்லை. இந்தச் செம்மண் பாதையில் எல்லோரும் இடுப்பளவு டயர் போட்ட வண்டிகளில் போக, அவள் மட்டும் பழைய ஸ்டேஷன் வேகனில் வருவாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். ஆனால் வயிறு தரையைத் தொடும்.

"உன் காரோட பாவாடை தரையில இழுபடுது, தூக்கிச் சொருகு" என்பான் மாட்டு லாரி ஓட்டும் டெஸ்.

"உன் மண்டையில நாலு முடி இருந்தா அதையும் தூக்கிச் சொருகி விட்டிருப்பேன்" என்பாள் அவள்.

ஓட்டத் தெரிந்தவள். லாரிகள் உழுதுபோட்ட பள்ளத்தில் இறங்கினால் நடுமேடு வயிற்றைக் கிழித்துவிடும் என்று, ஒரு பக்கச் சக்கரங்களை அந்த மேட்டிலும் மறுபக்கத்தைச் சாலையோரத்திலும் வைத்து ஒரு தினுசாக ஓட்டிக்கொண்டு வருவாள். கல்லுக்கு அவள் பயப்பட்டதே இல்லை. பயம் புல்லுக்குத்தான். இங்கே முளைக்கும் முள்புல்லில் பிசின் உண்டு. தாழ்ந்த கார் அதை வழியெல்லாம் வாரி, கொதிக்கும் புகைக்குழாய்மேல் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தீப்பிடிக்க நேரமாகாது. பண்ணைப் பாதை பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தில், அப்படி எரிந்துபோன ஒரு காரின் கூடு இன்னும் கிடக்கிறது.

அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் நோலா எப்போதும் நிறுத்துவாள். ஜாக்கி வைக்கச் சோம்பல். சாலையைச் சமன்படுத்தும் இயந்திரம் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போன மண் வரப்பின்மேல் இரண்டு சக்கரங்களை ஏற்றிவிடுவாள். கார் ஒருக்களித்து நிற்கும்; அடியில் ஓர் ஆள் நுழைய இடம் கிடைக்கும். கம்பிக் கொக்கியோடு மல்லாந்து உள்ளே போய்ப் புல்லைப் பிடுங்கிப் போடுவாள். போகிற வண்டி இரண்டு தரம் ஹாரன் அடிக்கும். அவள் ஒரு காலை ஆட்டுவாள். இது எங்கள் சாலையின் மரியாதை.

சாலையோரச் சாப்பாட்டு விடுதியான ரோட்ஹவுஸில் நான் சமைக்க வந்த புதிதில், யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்து வண்டியை நிறுத்தி ஓடினேன். அடியிலிருந்து அவள் திட்டிய திட்டை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. ஊரே சிரித்தது. அதன்பிறகு நானும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நோலா எங்களிடம் சாப்பிட வருவதாக இருந்தது. அவளுக்குப் பிடித்த ஆட்டு விலாக்கறியைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஈக்கள்கூட கண்ணாடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எனக்கு என்னவோ காலையிலிருந்தே மனசு சரியில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

டெஸ் வந்து தொப்பியைக் கழற்றினான். "செல்வா, உன் விருந்தாளி வழியில புல்லு பிடுங்கிட்டு இருக்கா. இன்னிக்கு அம்மாவுக்கு ஏக குஷி. ஹாரன் அடிச்சேன், ரெண்டு காலையும் போட்டு ஆட்டு ஆட்டுனு ஆட்டறா. டான்ஸே ஆடிட்டா."

நாங்கள் சிரித்தோம். அவன் சாப்பிட்டான். இன்னொரு காபி குடித்தான். மேசையில் தலையை வைத்துக் கொஞ்சம் தூங்கவும் செய்தான். கறி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

பிறகு மெர்வ் வந்தான். சாலையைச் சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டுகிறவன். "நோலாவுக்கு எம்மேல என்ன கோவம்? திருப்பத்துல காருக்கடியில கெடந்தா. ஹாரன் அடிச்சேன், ஒரு காலைக்கூட ஆட்டல."

"எப்போ?" என்றேன்.

"இப்பத்தான். நேரா அங்கேருந்துதான் வரேன்."

டெஸ் தலையைத் தூக்கினான். புல் பிடுங்க அவளுக்கு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் போதும்.

"கார் எங்க நின்னுச்சு?" என்று மெர்வைக் கேட்டான் டெஸ்.

"வரப்பு மேலதான், வழக்கம்போல..." மெர்வ் பாதியில் நிறுத்தினான். அவன் முகம் செத்துப்போனது. "ஐயோ. அந்த வரப்பு நேத்துதான் நான் போட்டது. வெறும் பொடி மண்ணு. தண்ணி விட்டு இன்னும் அமுக்கவே இல்ல."

சாலையைச் சீர்பண்ணச் சொல்லி வருஷக்கணக்கில் கத்தியவர்கள் நாங்கள்தான்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் பறந்தோம். தூரத்தில் கார் தெரிந்தது. எரியவில்லை என்று பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கிட்டே போனதும் அது போய்விட்டது. வரப்பு நொறுங்கி, சக்கரங்கள் புதைந்து, கார் நோலாவின் மார்மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் புல் கருகி மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. வலது கை புகைக்குழாயோடு ஒட்டிக்கிடந்தது. கத்த மூச்சு இல்லாமல், அசைக்க முடிந்த கால்களை மட்டும் அசைத்திருக்கிறாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

ரோட்ஹவுஸ் பின்னால் இருக்கும் ஓடுதளத்துக்கு அவளைக் கொண்டுவந்தோம். டாக்டரை ஏற்றிவரும் விமானம் இறங்கும்வரை டெஸ் அவள் பக்கத்தில் மண்டி போட்டிருந்தான். "நோலா, நீ விளையாட்டுக்கு ஆட்டறேன்னு நெனச்சுட்டேன். சத்தியமா."

அவள் உதடு வெடித்திருந்தது. குரல் மெதுவாகத்தான் வந்தது. "மொத ஹாரன் கேட்டதும் அழுதுட்டேன்டா. சந்தோஷத்துல. வந்துட்டான், இனி பொழைச்சுக்குவேன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரெண்டாவதும் அடிச்சே பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது."

 

நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது கடலோர ஊர் ஒன்றில் மகளோடு இருக்கிறாள். முடி வெட்டிக்கொள்ள நாங்கள் எல்லோரும் நகரத்துக்கு இரண்டு நாள் பயணம் போய் வருகிறோம், அல்லது வளரவிடுகிறோம்.

டெஸ் தன் லாரியின் ஹாரனைக் கழற்றிவிட்டான். மாடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறான்.