மிச்சமான இரண்டு கம்பங்கள்

மலைப்பக்கத்துக் குக்கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோன மின்வாரிய ஃபோர்மேன் என்பதால் அவருக்குக் 'கம்பத்தார்' என்றே பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி. லாரி ஏறாத மேட்டுக்கு ஆள் கட்டிக் கம்பத்தைத் தோளில் ஏற்றுவார். குழியின் ஆழத்தைத் தானே இறங்கிப் பார்ப்பார். யார் வீட்டிலும் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். கறைபடாத கை என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு அவருக்கு டீயைவிட இனிக்கும். வினையே அங்கேதான்.

ஓடைக்கு அக்கரையில் ஒற்றையாக ஒரு வீடு, அவர் தங்கையுடையது. புருஷனை இழந்தவளுக்குத் தையல் மெஷின்தான் பிழைப்பு. "கரண்ட் வந்தா ராத்திரியும் ரெண்டு சட்டை தைப்பேன்ணா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஓடைக்கரை ஊரில் வேலை முடிந்தபோது இரண்டு கம்பங்கள் மிச்சம். அவள் வீட்டுக்கு அந்த இரண்டே போதும். இன்ஜினீயரே சொன்னார்:

"போட்டுடுங்களேன், யார் கேக்கப் போறாங்க?"

"வேணாம் சார். தங்கச்சி வீட்டுக்கு ஒதுக்கிட்டான்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

கம்பங்கள் வண்டியேறி ஸ்டோருக்குத் திரும்பின. அங்கே கேட்பாரற்றுப் புல்லுக்குள் கிடந்தன. அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கையிடம், "கம்பம் தீந்துபோச்சும்மா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த திட்டம் வருவதற்குள் அவர் ரிடையராகிவிட்டார். மண்ணெண்ணெய் விளக்கில் ஊசி கோத்துக் கோத்துத் தங்கைக்குக் கண் மங்கி, மெஷினையும் விற்றாகிவிட்டது. அப்புறம் முன்பின் தெரியாத ஒரு ஃபோர்மேன் வந்து, ஒரே நாளில் கம்பம் நட்டு, அவள் வீட்டில் பல்பை எரியவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கம்பத்தார் பார்க்கப் போனார். பல்பு பளீரென்று எரிந்தது. மெஷின் இருந்த மூலையில், அவள் உட்கார்ந்து தைத்த முக்காலி மட்டும் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்தார். ஊர் மெச்சியதெல்லாம் அந்த நிமிஷம் கசந்தது. ஆனாலும் வாய் பழைய பாட்டையே பாடியது:

"அன்னிக்கு மட்டும் ரெண்டு கம்பம் மிச்சம் இருந்திருந்தா..."

தட்டில் சோறு போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல் அவள் சொன்னாள்:

"இருந்துச்சேண்ணா. அதை வண்டியில ஏத்தினப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். சாப்பிடு, ஆறிடப் போகுது."

அத்தனை வெளிச்சத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.