பாலைவனத்தில் ஒரு குழாயடி

தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினொரு வருஷமாக நான்காம் வகுப்பு எடுப்பவர் மாரீஸ்வரி டீச்சர். பதினொரு வருஷமும் தற்காலிகம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும், "இந்த வருஷம் இருப்பீங்களா டீச்சர்?" என்று பியூன் அக்கறையாக விசாரிப்பார். அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் டீச்சர் ஏன் மே மாதம் முழுக்கத் தூக்கமில்லாமல் கிடக்கப் போகிறார்? இந்த ஜூலையில்தான் மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மேற்பார்வையாளர் வந்து ஒரு மாதிரிப் பாடம் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தீபாவளியோடு வீட்டுக்குப் போகலாம்.

எந்தப் பாடம் என்பதையும் அவர்களே குறித்து அனுப்பியிருந்தார்கள்: பாலைவன உயிரினங்கள். வெளியே நான்கு நாளாக மழை ஊற்றித் தள்ளியது. பிள்ளைகள் ரெயின்கோட்டைக் கழற்றாமலே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் குறிக்கிற ஆபீசுக்கு ஜன்னல் வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டீச்சர் சளைக்கவில்லை. பாலைவனம் என்றால் மணல் வேண்டும். கட்டட வேலை நடக்கிற இடங்களில் கிடந்த மணலெல்லாம் சேறாகக் குழம்பியிருந்தது. டீச்சருக்குத் தெரிந்து காய்ந்த மணல் ஒரே இடத்தில்தான் இருந்தது. தெருமுனை ரஹ்மத்துல்லா பாய் கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில்.

"பாய், ஒங்க மணல ஒரு நாளைக்குத் தாங்க. நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து தாரேன்."

"மணலா? கடல வேண்டாமா?"

"கடலய நீங்களே வச்சிக்கிடுங்க."

பாய் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு இரண்டு பைகளில் அள்ளிக் கொடுத்தார். பல வருஷம் நெருப்பில் வெந்த மணல் அது. நிறம் கன்னங்கரேல் என்றிருந்தது. வகுப்பின் நடுவே தார்ப்பாயை விரித்து அதைக் கொட்டியதும், உலகத்திலேயே கடலை வாசனை அடிக்கிற முதல் பாலைவனம் தயாரானது. டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் மணலுக்குள் தப்பிக் கிடந்த நாலைந்து கடலையைப் பிள்ளைகள் தோண்டித் தின்றுவிட்டார்கள்.

மறுநாள் மேற்பார்வையாளர் மாலதி மேடம் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடியிருப்பவர். கசங்காத காட்டன் புடவை, அதட்டத் தெரியாத குரல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார்.

டீச்சர் ஆரம்பித்தார். வகுப்பில் அவர் பேசுவது அப்பழுக்கில்லாத புத்தகத் தமிழ். "குழந்தைகளே, பாலைவனச் சோலைக்கு விலங்குகள் ஒவ்வொன்றாக வந்து நீர் அருந்துவதை இப்போது நடித்துக் காட்டுவோமா?" மூன்று நாள் ஒத்திகை பார்த்த நாடகம். தப்ரேஸ் ஒட்டகம், சாயிமா நரி, அம்மார் கள்ளிச்செடி. மற்றவர்கள் பாம்பு, பல்லி, தேள் என்று அட்டை முகமூடியோடு நின்றார்கள். ஒத்திகையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒத்திகையில் சோலை என்பது வெறும் நீலக் காகிதம். மேடம் வருகிறாரே, கொஞ்சம் நிஜமாகத்தான் இருக்கட்டுமே என்று டீச்சருக்கு ஆசை வந்துவிட்டது. மணல் நடுவே ஒரு பேசினை வைத்து, வாளித் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. தாராவிப் பிள்ளைகளின் காதில் அந்தச் சத்தம் விழலாமா? காலை ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் அந்தச் சத்தம் கேட்டால் வீட்டோடு எழுந்து ஓட வேண்டும். குடமோ கேனோ செருப்போ, கையில் கிடைத்ததைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். பால்குடி மறக்கும் முன்பே படிந்த பழக்கம் அது. கண்மூடித் திறப்பதற்குள் பாலைவனம் முழுக்க செருப்பு. பாம்பு தன் செருப்பைத் தேளின் செருப்புக்கு முன்னால் நகர்த்தியது. தேள் பாம்பின் சட்டையைப் பிடித்தது.

"டீச்சர், ஒட்டகம் லைன்ல குஸ்றான்! நடுவுல பூந்துட்டான்!"

"நான் குஸ்ல. என் நம்பர்தான். எங்க அக்காவுக்கும் சேத்து ரெண்டு செருப்பு போட்ருக்கேன்."

"ஒட்டகம் ஒரே தடவைல நூறு லிட்டர் குடிக்கும்னு டீச்சரே சொன்னாங்க," என்று நரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தது. "நூறு லிட்டர்னா எங்க வீட்டு நீல டிரம்ல பாதி. அவன் பிடிச்சிட்டுப் போனா நாங்க எப்பப் பிடிக்கிறது?"

முகமூடிகள் கிழிந்தன. பல்லி அழுதது. டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். மாலதி மேடம் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். பதினொரு வருஷமும் ஒரு நிமிஷத்தில் போச்சு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். "அமைதி குழந்தைகளே" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். குழாயடிச் சண்டையைப் புத்தகத் தமிழில் யாரால் விலக்க முடியும்? விடிகாலையில் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிற மாரீஸ்வரி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாலைவனத்துக்குள் இறங்கினார்.

"ஏல தப்ரேஸு! ஒட்டகம்னா ஒனக்கு என்ன கொம்பா மொளச்சிருக்கு? எடுல செருப்ப! பகல்ல வா, வயிறு முட்டக் குடி, பொறவு ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் தலயக் காட்டப்படாது. ஏட்டி சாயிமா, இந்த வேகாத வெயில்ல நீ எதுக்கு வந்து நிக்க? ஒன் ஒடம்பு தாங்குமாட்டி? பகல் பூரா மண்ணத் தோண்டி உள்ள படு, ராத்திரி குளுந்த பொறவு வெளிய வா. பாம்பு எங்கல? நீ வெயில் தாழ வா. எல்லாரும் ஒரே நேரத்துல வந்து விழுந்தா எவனுக்குல தண்ணி கெடைக்கும்?"

செருப்புகள் மளமளவென்று அவரவர் நேரப்படி வரிசையாயின. பிறகுதான் தான் என்ன பேசினோம் என்பது டீச்சருக்கு உறைத்தது. வெட்கத்தில் காது வரைக்கும் சூடேறியது.

மேடம் எழுந்து வந்து சாயிமாவின் பக்கத்தில் குனிந்தார். "நரி ஏம்மா ராத்திரில வெளில வரது?"

"பகல்ல சுத்துனா ஒடம்புல இருக்க தண்ணியும் போயிரும் மேடம். அதுவுமில்லாம, பகல் ஒட்டகத்தோட நம்பர்."

மூலையில் இவ்வளவு நேரமும் இரண்டு கையையும் தூக்கியபடி அசையாமல் நின்ற அம்மாரிடம் போனார். "நீ மட்டும் ஏம்ப்பா வரிசைல நிக்கலை?"

"கள்ளிக்கு எதுக்கு மேடம் லைன்? மழ பெஞ்சப்பவே ஒடம்புக்குள்ள டிரம்ம ரொப்பியாச்சு."

மேடம் சிரித்த சிரிப்பில் ஃபைல் மணலில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க சொசைட்டில டேங்கர் வந்தா பதினாலு மாடியும் பக்கெட்டோட கீழ வந்து நிக்கும்மா. எனக்கு ஒரு நாளும் முதல் பத்துல இடம் கெடைச்சதில்லை. உங்களை மாதிரி ஒருத்தர் அங்க இல்லையேன்னு இருக்கு."

பிறகு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். குறிப்பு என்ற இடத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'பாடம் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது; இவரை நிரந்தரமாக்கலாம்.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை. மணல் ஓரத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் விசும்பி விசும்பி அழுதார். ஒட்டகம் கொஞ்ச நேரம் யோசித்தது. வரிசையில் முதலாவதாகக் கிடந்த தன் செருப்பை எடுத்து இடுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போய் நின்றது.

"டீச்சர், எனக்கு முன்னாடி வந்து நில்லுங்க."

வரிசையில் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை.