கடலுக்குப் போனவனும் கிணற்றோடு நின்றவனும்

நானும் அவனும் திண்டிவனத்தில் ஒன்றாக ஐ.டி.ஐ. படித்தவர்கள், வெல்டிங் பிரிவு. அவனுக்கு ஊர் திண்டிவனமே. நான் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிணற்று வேலைக்குப் போவோம். பம்புசெட்டின் குழாய் நுனியில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் புட்வால்வில் சேறோ இலையோ அடைத்துக்கொண்டால் மோட்டார் வெறுமனே ஓடும், தண்ணீர் வராது. மூச்சை அடக்கி முங்கிப்போய் அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அவன் மூன்று முறை மேலே வந்து மூச்சு வாங்கிச் செய்கிற வேலையை நான் ஒரே முங்கில் முடித்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்பது புரிய வேண்டுமே.

கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்களை வெல்டிங் செய்ய டைவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்கான பயிற்சிக்கு இருவரும் எழுதிப் போட்டோம். மருத்துவப் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கிணற்று வேலை வந்தது. எனக்கு நல்ல ஜலதோஷம். அவனும் கூடத்தான் இருந்தான். "நான் இறங்குறேன், நீ நில்லு" என்று குதித்துவிட்டேன். பாதி ஆழத்தில் வலது காதில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். மேலே வந்தபோது கிணற்றுச் சுவர் சுற்றியது.

காது ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டார். அவன் பரிசோதனையில் தேறிப் பயிற்சிக்குப் போனான். என் காதின் ஓட்டை சில மாதங்களில் மூடிக்கொண்டது. ஆனால் கேட்கும் திறன் மந்தமாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களை அங்கே எடுப்பதில்லை. கிணறுகளுக்கு அந்தக் காது போதுமாக இருந்தது.

முதல் இரண்டு வருடம் அவன் கப்பலின் தளத்தில் மற்றவர்களின் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவனே இறங்கினான். அப்புறம், ஆழ்கடலின் அழுத்தம் ஏற்றிய இரும்பு அறைக்குள் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்கிறவனாக ஆனான். அங்கே சுவாசிக்கிற வாயுவினால் போனில் அவன் குரல் வாத்துக் குரலாக வரும். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவன் வாட்ஸப் ஸ்டேட்டஸைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன். பிறகு நானே தேடிப்போய்ப் பார்த்தேன்.

ஒருநாள் டீக்கடையில், கடலில் ஒரு டைவர் இறந்துவிட்டார் என்று பேச்சு அடிபட்டது. அவனாக இருக்குமோ என்று உடனே போன் செய்தேன். பயத்தில் செய்ததாக மனைவியிடம் சொன்னேன். பயம் மட்டும் இல்லை. அவன் "சொல்றா மச்சான்" என்று எடுத்தபோது என் மனதில் லேசாக எதுவோ ஏமாந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசியில் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தவனை விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து பைக்கில் ஏற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாயவில்லை, புட்வால்வு அடைத்திருக்கிறது என்றார். "நானும் வர்றேன்" என்றான் அவன். எனக்குச் சந்தோஷம். இன்னும் யார் மூச்சு நீளம் என்று பார்க்கட்டும்.

சட்டையைக் கழற்றிப் படியில் இறங்கினேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"கரண்டு இன்னா பண்ணீங்க?" என்று விவசாயியைக் கேட்டான்.

"த்ரீ பேஸ் கரண்டே இல்லையே சார். வந்தாத்தான."

"ஆட்டோ ஸ்டார்ட்டரு மாட்டிக்கிறீங்களா?"

"ஆமா. கரண்டு வந்தா மோட்டாரு அதுவா எடுத்துக்கும்."

அவன் மோட்டார் கொட்டகைக்குள் போய் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். விவசாயி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத்தினி வருசமா இவரு எறங்கறாரு, ஒண்ணியும் ஆவல. ஜல்தியா முடிங்க சார்."

"அவன் மேல வர்ற வரைக்கும் இது என் பாக்கெட்டுலதான் இருக்கும்" என்றான் அவன். குரல் உயரவில்லை. என் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். எனக்குக் காது சுட்டது. என் இடத்தில், என் வாடிக்கையாளர் முன்னால், என்னை ஒன்றும் தெரியாதவனாக்குகிறான்.

கோபத்தில் தேவைக்கு மேல் நேரம் கீழே இருந்தேன். வால்வுக்குள் கைவிட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது கயிறு இருமுறை மெல்ல இழுபட்டது. பதிலுக்கு இழுத்தேன். மேலே வந்து பார்த்தால் அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். பார்வை கிணற்றுத் தண்ணீரை விட்டு அகலவில்லை. கொட்டகைக்குள் த்ரீ பேஸ் வந்ததைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போது வந்தது என்று விவசாயிக்கும் தெரியவில்லை. அப்போது என் கை அந்த வால்வுக்குள் இருந்திருக்கும்; ஃபியூஸ் இருந்திருந்தால் மோட்டார் ஓடிக் கையை உறிஞ்சிப் பிடித்திருக்கும். அவன் என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கட்டைகளைத் திரும்பச் செருகப் போனான்.

திரும்பும் வழியில் பைக்கை ஓரங்கட்டினேன். "அங்க இப்டித்தான் பண்ணுவீங்களா?"

"தெனம் மச்சான். எறங்கறதுக்கு மின்ன எல்லாத்தையும் பூட்டி, சாவிய ஒருத்தன்கிட்ட குடுத்துடுவாங்க. எவன் வேணா 'நிறுத்து'ன்னு சொல்லலாம். நேத்து சேந்தவன் சொன்னாலும் நிறுத்தணும். ஒருவாட்டி நான் மூக்கடைப்புன்னு சொன்னேன். எறங்க வாணாம்னுட்டாங்க. யாரும் மொறைக்கல."

மூக்கடைப்பு என்ற சொல் என்னைக் குத்தியது. "அன்னிக்கு எனக்குச் சளின்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவன் பைக்கிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றான். "தெரியும். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பியேன்னு வுட்டுட்டேன். என்னை எதுனா சொல்லணும்னா சொல்லு, கேட்டுக்கறேன்."

அவன் சொல்லியிருந்தால் நான் சிரித்துத்தான் இருப்பேன்.

இத்தனை வருடமும் அவன் கப்பலைப் பார்த்து, அவன் கட்டிய வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக நினைத்திருந்தேன். அன்று வேறொரு பொறாமை பிடித்துக்கொண்டது. அவன் தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் மேலே ஒருவன், வேறு வேலையே இல்லாமல், அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு அப்படி ஒருநாள் வாய்த்தது, அதுவும் அவன் தயவில்.

இப்போது ஃபியூஸ் கட்டை என் பாக்கெட்டில் இல்லாமல் நான் இறங்குவதில்லை. கயிறு பிடிக்க விவசாயியே நிற்க வேண்டும் என்கிறேன். "பேஜாரு புடிச்ச ஆளுப்பா" என்று இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைத்திருக்கிறது. இனி தண்ணீரில் இறங்க மாட்டான், மேலே உட்கார்ந்து மற்றவர்களைக் கவனிப்பான். செய்தி வந்ததும் வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு, அவன் கவனிக்கப்போகிற அந்த முகம் தெரியாத டைவர்கள்மீதும் பொறாமை வந்தது.