நர்ஸ் லூர்தம்மாளின் பயம்

சென்ற திங்கட்கிழமை மதியம் பழைய மாணவி ஒருத்தி ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், லூர்தம்மா நர்ஸ் போயிட்டாங்க. பாலக்கரையில அடக்கம்கூட ஆயிடுச்சு" என்றாள். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்த ஆண்டுகளில் ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமைதோறும் வந்து போனவர் அவர். அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட பழைய மாணவிகளான உங்களுக்கு அந்த வேகமான நடையும் சுருக்கமான பேச்சும் நினைவிருக்கும். ஒரு ஆடி மாதத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

காவிரியில் புது வெள்ளம் வந்த சமயம். மருங்காபுரி, வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து வந்திருந்த பெண்கள் மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். காலைப் பிரார்த்தனையில் ஒருத்தி மயங்கி விழுந்தாள், மறுவாரம் இன்னொருத்தி. சாக்கிலிருந்த பச்சரிசியை யாரோ அள்ளித் தின்றார்கள். சுவரில் சுண்ணாம்பு சுரண்டப்பட்டிருந்தது. கொல்லைக் கிணற்றில் எப்போதோ விழுந்து செத்தவள் வந்து ரத்தம் குடிக்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. பொழுது சாய்ந்தால் கிணற்றடிக்கு யாரும் தனியாகப் போவதில்லை.

லூர்தம்மாள் ஒவ்வொரு பெண்ணின் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார். "சிவப்பா இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி இருக்கு டீச்சர். வயித்துல கொக்கிப்புழு, சாப்பாட்டுல சத்து இல்ல, மாசாமாசம் போற ரத்தம் வேற. ரத்தத்தக் குடிக்கிறது கிணத்துல இல்லீங்க" என்றார்.

டாக்டர் எழுதித்தர, புழுவுக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் வந்தன. கூடவே அடுத்த பீதியும் வந்தது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். ரத்தம் கருகிப் போகிறது என்று பெண்கள் நடுங்கினார்கள். மாத்திரையால்தான் அந்த நிறம் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. எல்லோரையும்விட வெளுத்திருந்த நல்லம்மாள் என்ற பதினைந்து வயதுப் பெண், பார்க்க வந்த தன் அப்பா கருப்பையாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அன்றே அவளை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

புதன்கிழமை வந்த லூர்தம்மாள், "எங்க அவ?" என்று கேட்டார். சொன்னேன்.

"வாங்க டீச்சர், போய்ப் பார்த்துடுவோம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். பயமா இருக்கிறப்பவே கிளம்பிடணும். பயம் தெளியட்டும்னு இருந்துட்டுப் போனா அங்க நமக்கு வேலை இருக்காது."

வையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலைக் காடுகளின் வழியே நடந்தோம். கருப்பையாவின் வீட்டில் நல்லம்மாளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். சுற்றிலும் வேப்பிலை. பேய் விலக விரதம் என்று அவளைப் பட்டினி போட்டிருந்தார்கள். கால்கள் வீங்கியிருந்தன. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது.

"விரதம் முடியட்டுங்க, நானே அனுப்புறேன். பாதியில எழுப்பினா தெய்வக் குத்தமாயிடும்" என்றார் கருப்பையா.

"அவ நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. விரதம் முடியிற வரைக்கும் இந்தப் புள்ள தாங்காதுங்க."

அங்கிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நீங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க நர்சம்மா. போயிட்டு வாங்க" என்றார் கருப்பையா. லூர்தம்மாள் போகவில்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை எதிர்ச்சுவரில் சாய்ந்து அந்தப் பெண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கிட்டே விடவில்லை.

நல்லம்மாள் இறந்துவிட்டாள் என்று மறுநாள் பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். நர்ஸின் கருநாக்குத்தான் அவளைக் கொன்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். லூர்தம்மாள் அந்தப் பழியை மறுக்க எங்கும் போகவில்லை. அன்று முதல் தினமும் சாயங்காலம் தன் வேலை முடிந்ததும் விடுதிக்கு வந்தார். பந்தியில் ஒவ்வொருத்தியாக மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகரமாட்டார். "என்னைத் திட்டிக்கிட்டே முழுங்குங்க, பரவாயில்ல" என்பார். திட்டிக்கொண்டே விழுங்கினார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அதே பெண்கள் மாடிப்படியில் ஓடினார்கள். கிணற்றைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துபோனது.

மறு வருடம் பள்ளி திறந்தபோது கருப்பையா தன் இளைய மகளோடு வந்து நின்றார். லூர்தம்மாளை நிமிர்ந்து பார்க்காமல், "இவளையும் பாருங்க நர்சம்மா" என்றார். லூர்தம்மாள் அந்தக் குழந்தையின் இமையை இழுத்துப் பார்த்தார். "மாத்திரை கொடுத்தாச் சரியாயிடும்" என்றார். பிறகு உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், ஏதாவது ஒரு பெண் "களைப்பா இருக்கு டீச்சர்" என்று சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. போய்ப் படு, சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வருவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். லூர்தம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பயம்தான்.