தட்டைச் சக்கரம்

என் வீட்டுக்காரர் டிராம் ஓட்டுநர். ஊரிலேயே கூட்டம் பிதுங்குகிற தடத்தில் ஓட்டுகிறவர் என்பதால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போன வருஷம் அந்தத் தடத்துக்குப் புது ரக வண்டிகள் வந்தன. தாழ்வான தரை, நீளமான உடம்பு, பார்க்க லட்சணமாக இருக்கும். ஓட்டுநர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘மருமகள்’. பழைய வண்டியில் பிரேக்கை முழுக்க இழுத்தால்தான் வேகம் குறையும். புதியதில் லேசாகத் தொட்டாலே முறுக்கிக்கொண்டு நின்றுவிடுமாம். நானும் ஒரு வீட்டு மருமகள்தான். அந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

மழையில் பிரேக்கை அழுத்திப் போட்டால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் வழுக்கும். தேய்ந்த இடம் தட்டையாகிவிடும். பணிமனையில் கடைந்து சரிசெய்யும்வரை அந்த வண்டி போகிற இடமெல்லாம் டக் டக் என்று சத்தம்தான். யார் கைவேலை என்று ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். யாராவது மாட்டினால் இவருக்குக் கொண்டாட்டம். “என்னப்பா, தாளம் போட்டுக்கிட்டே வர்றே?” என்று ஓய்வறையில் மானத்தை வாங்குவார். தன் கையில் மட்டும் மருமகள் பூனை மாதிரி நடப்பாள் என்று வீட்டில் வந்து பீற்றிக்கொள்வார்.

அந்த மழை நாளில் என் தம்பி எங்களைப் பார்க்க வந்திருந்தான். எங்கள் தெரு நிறுத்தத்தில் அவன் நிற்பதை இவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். மச்சான் எதிரில் கெத்தாக வந்து நிறுத்த வேண்டுமாம். வேகத்தைக் குறைக்காமல் வந்து கடைசியில் பிரேக்கை இழுத்தார். வண்டி நிறுத்தத்தையும் தாண்டி வழுக்கிப் போய் நின்றது; சக்கரம் தட்டையாகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

மேலாளரிடம் இவர் சொன்னது வேறு. “குடை பிடிச்ச ஒரு அம்மா திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க சார்.” வண்டிக் கேமராவில் மழைத்தண்ணீர்தான் தெரிந்ததாம். நம்பிவிட்டார்கள்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் தண்டவாளம். டக் டக் என்று அந்த வண்டி வரும்போதெல்லாம் இவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் நானே கேட்டேன். உண்மையைக் கக்கினார்.

“இல்லாத பொம்பள மேல பழியைப் போட்டீங்களே, வெக்கமா இல்ல?”

“இல்லாத ஆள்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா வந்தார். நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் துணி தைப்பவர். மகன் அவர் கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிவந்தான். எத்தனையோ தடவை தனியாக ஏறிவந்து எனக்கு ரவிக்கை கொடுத்துப் போனவர்!

“தம்பி, அன்னிக்கு உங்க வண்டிக்குக் குறுக்கே வந்தது நான்தானாம்,” என்றார். “உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து, குறுக்கே வந்த அம்மா யாருன்னு கடைக்கடையா விசாரிச்சாங்க. அந்த நேரத்துல குடையோட கடக்குறது நான் ஒருத்திதானே. வண்டி வந்ததை நான் பாக்கவே இல்லப்பா. மன்னிச்சிடுங்க.”

“அம்மாவுக்குக் கண்ணு போச்சுண்ணே,” என்றான் மகன். “கடைக்குப் போக வேணாம்னு நிறுத்திட்டேன். தெருவுல கூடத் தனியா விடுறதில்ல.”

உண்மை எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. புருஷன் மானம் போய்விடுமே என்று நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் எனக்கும் சேர்த்துத்தான்.

இவர் எழுந்தார்.

“அம்மா, நீங்க வரல. யாருமே குறுக்கே வரல. மச்சான் முன்னாடி வீம்புக்கு வேகமா வந்தேன். மாட்டிக்கக் கூடாதுன்னு பொய் சொன்னேன்.”

மகன் இவர்மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் அம்மாவைத்தான் பார்த்தான். அவர் அவன் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அழுதுவிட்டார்.

“ஊசியில நூல் கோக்கும்போதுகூட நல்லாத்தான் தெரிஞ்சுது தம்பி,” என்றார். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சு, என் கண்ணைத்தான் நான் நம்பல.”