ஒரு தம்ளரை விட்டுப் பிழைத்திருந்த செல்லம்மாள் மதினி

தாடிக்கொம்பில் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் தோல் ஷாப்பு ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து வரப்போரம் இறங்கினார். "அப்பு, செல்லம்மா அக்கா போயிட்டாக. காலையில ரத்தமாக் கக்குனாக. ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். மடையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்லம்மாள் என் அண்ணன் சோலையின் மனைவி; எனக்கு மதினி. தோல் ஷாப்பில் அண்ணன் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுவார். மதினி தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பார். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அவரை அறியாதவர்களுக்காகக் கண்டதைச் சொல்கிறேன்.

மதினி குடிப்பார். அதை மறைத்துச் சொன்னால் அவரே ஏசுவார். சர்க்கார் மதுவிலக்கு வைத்திருந்தும் நத்தம் பக்கமிருந்து லாரி டியூபில் சாராயம் வந்துகொண்டுதான் இருந்தது. உலக்கை பிடித்த தோள்வலிக்கென்று தொடங்கினார். அண்ணன் செம்பு செம்பாகக் குடிப்பார். மதினிக்கு ஒரு தம்ளர்தான். ஆனால் அது அன்றாடம், வெறும் வயிற்றில். "பசியும் போச்சு, வலியும் போச்சு கொழுந்தனாரே" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனியில் அவர் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள். பத்தியம் என்பதால் சாராயமும் நின்றது. கண் வெளுத்தது. இலைதான் மஞ்சளை இறக்கியது என்று எல்லோரும் பேசினார்கள். குடி நின்றிருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை.

பத்தியம் முறிக்கும் நாளில் வழக்கம்போல் தலைமுழுகிக் கறி ஆக்கினார்கள். அண்ணன் தம்ளரை நிரப்பி நீட்டினார்.

"உப்பைச் சேத்தாச்சு, கறியைச் சேத்தாச்சு, இதையும் சேத்துக்க. உன் ஈரல் இப்பக் கழுவிக் கமுத்துன சட்டி மாதிரி இருக்கும்ல!"

மதினி வாங்கிக் குடித்தார். மறுநாளும் குடித்தார்.

ஆடிக்குள் கால் வீங்கி, வயிறு பானையானது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். குடியால் வந்தது என்று டாக்டர் சொன்னதற்கு அண்ணனின் மனம் ஒப்பவில்லை.

"நான் குடிக்கிறதுல கால்வாசி இவ குடிக்கல, சார். எனக்கு ஒண்ணுமில்லையே?"

"உனக்கு வராதுன்னு யார் சொன்னா?" என்றார் டாக்டர். "பொம்பளை உடம்பு கொஞ்சத்துக்கே கெட்டுப்போகும். இன்னையோட விட்டா வருஷக்கணக்கா இருக்கலாம். தொட்டா, தைப் பொங்கல் பாக்கமாட்டாங்க."

"டாக்டரு பயங்காட்டுறாரு" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

கட்டிலில் கிடந்தபடியே மதினி சொன்னார்: "வயிறு என்னுது. நீங்க செத்த சும்மா இருங்க."

குடியை விட்ட முதல் நாட்களில் உடம்பு உதறியது, தூக்கம் இல்லை, சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டிருந்தார். அதே வீட்டில்தான் அண்ணனின் செம்பும் இருந்தது. பசியில் கை அதற்குப் போய்விடாதபடி, மதினி வேலை முடிந்ததும் தூக்குவாளிக் கஞ்சியை ஷாப்பிலேயே குடித்து, வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினார்.

"என்னக்கா, குடிக்காதங்கிற கதர்க் கட்சியில சேந்துட்டீகளா?" என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள்.

"ஆமப்பு. உனக்கும் வயிறு வீங்கட்டும், நானே சேத்துவிடுறேன்."

வயிறு வற்றியது. ஆனால் ஈரலில் விழுந்த தழும்பு போகாது, என்றைக்காவது உள்ளே நரம்பு வெடித்து ரத்தம் வரலாம் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டே பத்து வருஷத்துக்கு மேல் பட்டை இடித்தார். ஒரு சொட்டுத் தொடவில்லை.

எங்கள் பக்கம் கேத வீட்டில் கொட்டுக்காரர்களுக்கும் பாடை தூக்குகிறவர்களுக்கும் சாராயம் ஊற்றுவது வழக்கம். தன் கேதத்தில் அது கூடாது என்று போன மாதம்தான் மதினி அண்ணனிடம் சொன்னாராம்: "ஊத்துனீகன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

"தொண்டை நனையாம கொட்டு எப்புடிண்ணே பேசும்?" என்றார் மதினி கேதத்துக்கு வந்த கொட்டுக்காரர்.

"பேசுற அளவுக்குப் பேசட்டும். காப்பி போட்டிருக்கு, குடி" என்றார் அண்ணன்.

அண்ணனும் காலையிலிருந்து குடிக்கவில்லை. குழியில் மண் போட நீட்டிய கை நடுங்கியது. அழுகையாலா, குடிக்காததாலா, தெரியாது. பாதி மண் விரலிடுக்கில் சிந்திப்போனது. மறுபடி குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

போய்ச் சேருங்க, மதினி. யாருக்கும் ஊற்றவில்லை.